தொலைபேசி மோசடிக்கான சட்டம் இணையத்துக்கும் பொருந்த வேண்டுமா?

தொலைபேசியில் அழைத்துப் பொய் சொல்லிப் பணம் பறிப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே அமெரிக்காவில் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதே பொய்யை அதே ஆள் ஓர் இணையதளத்தில் எழுதி வைத்தோ, மின்னஞ்சலில் அனுப்பியோ பணம் பறித்தால் அந்தச் சட்டம் அவர்மீது பாயுமா என்ற கேள்வி, அதற்கான விதிகள் எழுதப்பட்ட 1995ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. அன்று எடுக்கப்பட்ட முடிவு, இணையத்தைச் சேர்க்க வேண்டாம் என்பது. அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அந்த முடிவு துண்டு துண்டாகத் திருத்தப்பட்டிருக்கிறதே தவிர, கேள்விக்கு முழுமையான பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில வழக்குகளில் இதைப் பொறுத்தே அமைவதால், சட்டம் படிக்காதவர்களும் இதன் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று பார்ப்போம். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் தொலைபேசி வழி விற்பனை, அதாவது டெலிமார்க்கெட்டிங், பெரிதாக வளர்ந்தது. அதன் நிழலில் மோசடியும் வளர்ந்தது. ஒரு வாடகை அறை, வரிசையாகத் தொலைபேசிகள், ஒவ்வொரு மேசையிலும் எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம் ஆகியவை போதும். "உங்களுக்குக் கார் பரிசாக விழுந்திருக்கிறது, வரியையும் அனுப்பும் செலவையும் மட்டும் இன்றைக்கே கட்டிவிடுங்கள்" என்று ஒருவர் பேசுவார். தயங்கினால் இன்னொருவர் மேலாளர் என்று சொல்லிக்கொண்டு அழைப்பை வாங்குவார். புகார்கள் குவிந்து மாநில அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் அறை காலியாகியிருக்கும். அதே ஆட்கள் வேறொரு மாநிலத்தில் வேறு பெயரில் கடை விரித்திருப்பார்கள். 1994 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான சட்டத்தின் முகவுரைப் பகுதியிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பதிவு செய்திருக்கிறது. விற்பவர் வாங்குபவரை நேரில் பார்க்காமலே மாநில எல்லைகளைத் தாண்டி இயங்க முடிகிறது, இடம் மாறிக்கொண்டே இருக்க முடிகிறது, தொலைபேசி மோசடியால் ஆண்டுக்கு 4,000 கோடி டாலர் இழக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது என்று அந்தப் பகுதி கூறுகிறது.

நேரில் பார்க்காமல் விற்பது, எல்லை தாண்டி இயங்குவது, எளிதில் இடம் மாறுவது என்ற இந்த மூன்று காரணங்களையும் இன்றைக்கு வாசிப்பவருக்கு இணையம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் சட்டத்தின் வரையறை அந்தக் காரணங்களோடு நிற்கவில்லை. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொலைபேசிகளைப் பயன்படுத்தி, மாநிலங்களுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட அழைப்புகள் நிகழும் வகையில், பொருளையோ சேவையையோ வாங்கத் தூண்டும் திட்டம்தான் டெலிமார்க்கெட்டிங் என்று அது வரையறுத்தது. அதாவது, தடுக்க நினைத்தது ஒரு செயலை. வரையறையில் கட்டிப்போட்டது ஒரு கருவியை.

நாடாளுமன்றம் சட்டத்தை இயற்றியதும், விரிவான விதிகளை எழுதும் பொறுப்பு எஃப்டிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் வந்தது. 1995 ஆகஸ்டில் வெளியிடப்பட்டு அந்த ஆண்டின் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த 'தொலைபேசி விற்பனை விதி' நேரடியான சில கட்டளைகளை இட்டது. அழைப்பவர் தாம் யார், எதை விற்க அழைக்கிறார் என்பதை உடனே சொல்ல வேண்டும். பணம் வாங்குவதற்கு முன் மொத்தச் செலவைச் சொல்ல வேண்டும். பரிசு என்றால், அதைப் பெற எதையும் வாங்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் வீட்டுக்கு அழைக்கக் கூடாது. கடன் வாங்கித் தருவதாகவோ, ஏற்கெனவே மோசடியில் இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகவோ உறுதியளித்து முன்பணம் வாங்கக் கூடாது. மோசடி நடப்பது தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டும், விற்பவருக்குக் கணிசமாகக் கைகொடுப்பவரும் விதியை மீறியவராகிறார். இந்தக் கடைசிக் கட்டளையை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். அழைத்துப் பேசியவர் தப்பித்துவிட்டாலும், அவருக்குக் கார்டு வழியாகப் பணம் பெற்றுக் கொடுத்த நிறுவனத்தை அது பிடிக்கிறது.

இந்த விதியின் முதல் வரைவு 1995 பிப்ரவரியில் வெளியானபோது, கணினி மோடம் வழியாக நடக்கும் விற்பனையையும் அது டெலிமார்க்கெட்டிங்கில் சேர்த்திருந்தது. அந்நாளில் வீட்டுக் கணினி இணையத்தோடு இணைந்ததே தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் என்பதால், மோடமும் ஒரு வகைத் தொலைபேசிக் கருவியே என்று வாதிட முடிந்தது. எதிர்ப்புக் கருத்துகள் வந்தன. அடுத்த சில மாதங்களில் வந்த திருத்திய வரைவில் ஆணையம் அந்தச் சேர்க்கையை நீக்கியது. ஆன்லைன் விற்பனையைப் பற்றி விதி செய்யும் அளவுக்குத் தகவல் தன்னிடம் இல்லை என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது.

அன்றைய நிலையில் அது நியாயமான முடிவுதான் என்று நினைக்கிறேன். தொலைபேசி மணி அடிக்கும்போது மனிதர் எடுத்தாக வேண்டும் என்ற உந்துதலோடு எடுக்கிறார். எதிர்முனையில் இருப்பவர் மறுப்புக்கெல்லாம் பதில் தயாராக வைத்துக்கொண்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் பேசுகிறார். இணையப் பக்கத்தை வாசகர் தாமாகத் தேடிப் போகிறார், நிதானமாகப் படிக்கிறார், பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுகிறார். பத்திரிகை விளம்பரத்துக்கு இல்லாத கட்டுப்பாடு இணைய விளம்பரத்துக்கு மட்டும் ஏன் என்று 1995இல் கேட்டவர்களுக்கு எளிதில் மறுப்புச் சொல்லியிருக்க முடியாது. அப்போதுதான் தளிர்விடத் தொடங்கியிருந்த வணிகத்தின்மீது, வேறொரு தொழிலுக்காக எழுதப்பட்ட விதியைச் சுமத்துவது தவறாகவும் முடிந்திருக்கலாம்.

அப்படியானால் இணைய மோசடிக்கு அமெரிக்காவில் சட்டமே இல்லையா என்று புதிதாகக் கேட்பவர் நினைக்கக்கூடும். இருக்கிறது. வணிகத்தில் நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் செயல்களை எஃப்டிசி சட்டத்தின் 5ஆவது பிரிவு பொதுவாகத் தடை செய்கிறது. அது எந்த ஊடகத்துக்கும் பொருந்தும். குற்றவியல் பக்கத்தில், கம்பி, வானொலி, தொலைக்காட்சி வழித் தகவல் தொடர்பைப் பயன்படுத்தி மோசடி செய்வதைத் தண்டிக்கும் 1952ஆம் ஆண்டுச் சட்டம், இணையம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தும் இணைய மோசடிக்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படுகிறது. அதற்கான தண்டனை 20 ஆண்டுச் சிறை வரை போகலாம். எனவே பொய் எங்கே சொல்லப்பட்டாலும் அது சட்ட விரோதம்தான். பிறகு தனி விதி எதற்கு?

இந்த இடத்தில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒரு செயல் சட்ட விரோதம் என்பது ஒன்று; அதைச் செய்தவரிடமிருந்து என்ன வாங்க முடியும் என்பது வேறு. தொலைபேசி விற்பனை விதியை மீறியவர்மீது, முதல் தடவை என்றாலும், ஒவ்வொரு மீறலுக்கும் தனித்தனியாக அபராதம் கேட்க முடியும். 2025இல் அதன் உச்சவரம்பு ஒரு மீறலுக்கு 53,088 டாலர். ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி எஃப்டிசி நேராக நீதிமன்றத்தில் கேட்கலாம். மாநில அரசுகளின் தலைமை வழக்கறிஞர்களும் கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்து, நாடு முழுவதற்கும் பொருந்தும் தடையுத்தரவை வாங்கலாம். 50,000 டாலருக்கு மேல் இழந்த தனிநபருக்கும் அந்த உரிமை உண்டு. 5ஆவது பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் இந்த வசதிகள் கிடைப்பதில்லை. பொதுவாக முதல் மீறலுக்கு அபராதம் கிடையாது. தனிநபர் அதன்கீழ் வழக்கே தொடுக்க முடியாது.

பணத்தைத் திருப்பி வாங்கும் வாய்ப்பும் 2021 ஏப்ரல் 22 அன்று சுருங்கியது. ஏஎம்ஜி கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் இணையதளங்கள் வழியாகச் சம்பள முன்கடன் கொடுத்துவந்தது. கடன் வாங்கியவர் ஒரே தவணையில் அசலையும் வட்டியையும் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்திருக்க, நுணுக்கமான எழுத்தில் இருந்த நிபந்தனைப்படி ஒவ்வொரு சம்பள நாளிலும் கட்டணம் மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, கடன் தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போனது. எஃப்டிசி தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் சுமார் 127 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எஃப்டிசி சார்ந்திருந்த பிரிவு தடையுத்தரவு வாங்குவதற்கானது, பணம் வாங்குவதற்கானது அன்று என்பதே காரணம். நிறுவனம் ஏமாற்றவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பிறகு, குறிப்பான விதி ஒன்று மீறப்பட்டிருந்தால் மட்டுமே எஃப்டிசி நேர்வழியில் பணத்தைக் கேட்க முடிகிறது. விதி இல்லாத இடத்தில், முதலில் ஆணையத்துக்குள்ளேயே நீண்ட விசாரணை நடத்தி, உத்தரவு பெற்று, பிறகு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எனவே தொலைபேசி விதி இணையத்தைத் தொடுகிறதா என்ற கேள்வி, 1995இல் இருந்ததைவிட இப்போது பல மடங்கு கனமானது.

எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்குப் போலித் தொழில்நுட்ப உதவி மோசடியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஓய்வு பெற்ற ஒருவர் மடிக்கணினியில் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருக்கிறார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகிறது, எச்சரிக்கை ஒலி விடாமல் அலறுகிறது, விண்டோஸ் சின்னத்தோடு ஒரு செய்தி வருகிறது: கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், இந்த எண்ணை உடனே அழையுங்கள். பெட்டியை மூடும் குறியை அழுத்தினாலும் அது மூடுவதில்லை. அவர் பதறி அழைக்கிறார். மறுமுனையில் இருப்பவர் தொலைவிலிருந்தே கணினியைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் மென்பொருளை நிறுவச் சொல்கிறார். எல்லாக் கணினியிலும் சாதாரணமாகப் பதிவாகும் பிழைக்குறிப்புகளைத் திறந்துகாட்டி, இவையெல்லாம் வைரஸ் வேலை என்கிறார். சில நூறு டாலரைக் கறந்துவிடுகிறார். இதில் வலை விரிக்கப்பட்டது இணையத்தில். மீன் பிடிக்கப்பட்டது தொலைபேசியில். அழைத்தவரோ வாடிக்கையாளர். பொது விளம்பரத்தைப் பார்த்து வாடிக்கையாளர் தாமாக அழைக்கும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விதியிலிருந்து விலக்கு இருந்ததால், இந்த மோசடியின் ஒரு பெரும் பகுதி பல ஆண்டுகள் விதிக்கு வெளியே நின்றது. 2024 நவம்பரில் எஃப்டிசி விதியைத் திருத்தி, தொழில்நுட்ப உதவிக்காக உள்ளே வரும் அழைப்புகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இத்தகைய அழைப்பு மையங்களில் சில இந்திய நகரங்களில் இயங்கியது அமெரிக்க வழக்குகளில் வெளிப்பட்டிருப்பதால், இந்தத் திருத்தம் நம்மவர்களுக்கும் தொடர்புடையதே.

ஆனால் விதியை அப்படியே தூக்கி இணையத்தின்மீது வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதில் இரண்டு வகைக் கட்டளைகள் கலந்திருக்கின்றன. ஒரு வகை, தொல்லையைத் தடுப்பது. இன்னொரு வகை, ஏமாற்றைத் தடுப்பது. இரவு 9 மணிக்கு மேல் அழைக்கக் கூடாது என்பது தொல்லைக்கானது. எப்போது வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய இணையப் பக்கத்துக்கு அதில் பொருளில்லை. 2003இல் தொடங்கப்பட்டு, இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட எண்களைக் கொண்டிருக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவேடும் அப்படித்தான். அதே ஆண்டு டிசம்பரில் வேண்டாத விளம்பர மின்னஞ்சலுக்கான சட்டத்தை இயற்றிய நாடாளுமன்றம், மின்னஞ்சலுக்கும் இப்படி ஒரு பதிவேடு வைக்கலாமா என்று எஃப்டிசியைக் கேட்டது. 2004 ஜூனில் ஆணையம் கொடுத்த பதில் படிக்கத் தக்கது. அனுப்புபவர் யார் என்பதை உறுதிசெய்யும் வழி மின்னஞ்சலில் இல்லாத நிலையில், அத்தகைய பதிவேடு பயன் தராது. புழக்கத்தில் இருக்கும் முகவரிகளின் பட்டியலாக அது மோசடிக்காரர் கையில் சிக்கி, தொல்லையைக் கூட்டவே செய்யலாம் என்றது. ஓர் ஊடகத்தில் காப்பாற்றிய ஏற்பாடு இன்னோர் ஊடகத்தில் காட்டிக்கொடுப்பதாக மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஏமாற்றைத் தடுக்கும் கட்டளைகளின் கதை வேறு. மொத்தச் செலவை முன்கூட்டியே சொல், நிபந்தனையை மறைக்காதே, கடன் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்காதே, மோசடிக்குத் துணைபோகாதே என்ற எதுவும் தொலைபேசிக்கு மட்டும் உரியதன்று. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரும்ப மீட்க முடியாத சில பணம் செலுத்தும் முறைகளைத் தொலைபேசி விற்பனையில் அது தடை செய்தது. கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய அட்டையின் பின்புறத்தைச் சுரண்டி, தெரியும் எண்ணைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்வது அவற்றில் ஒன்று. அந்த எண்ணை வாசிக்கச் சொல்லாமல் இணையதளத்தின் கட்டத்தில் தட்டச்சு செய்யச் சொன்னால், பணம் அதே வேகத்தில்தான் மறைகிறது. ஆனால் இந்தத் தடை அங்கே வருவதில்லை.

நாடாளுமன்றமும் ஆணையமும் இதை உணராமல் இல்லை. தனித்தனிக் கதவுகளாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2010 டிசம்பரில் வந்த இணைய வாடிக்கையாளர் பாதுகாப்புச் சட்டம், தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாக்களின் நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சம்மதம் பெற வேண்டும், விலக எளிய வழி தர வேண்டும் என்றது. அதை மீறுவது விதியை மீறுவதற்குச் சமம் என்று சட்டமே சொல்வதால், அபராதமும் பணத்தைத் திருப்பி வாங்குவதும் சாத்தியமாகின்றன. பிரைம் சந்தா தொடர்பாக 2023இல் எஃப்டிசி தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள அமேசான் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது இந்தச் சட்டத்தின் பலத்தால்தான். தொலைபேசி மோசடிக் குற்றவாளிகளுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் குற்றவியல் அத்தியாயத்தில், முதியோரைப் பாதுகாக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மின்னஞ்சல் மோசடியையும் சேர்த்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆள்மாறாட்ட விதியோ, அரசு அலுவலகமாகவோ வேறொரு நிறுவனமாகவோ நடிப்பதை எந்த ஊடகத்தில் செய்தாலும் தடை செய்கிறது. செயலைச் சொல்லி, கருவியைச் சொல்லாமல் விட்ட இந்த அமைப்பையே நான் சரியான வழியாகப் பார்க்கிறேன்.

எதிர்வாதங்களில் ஒன்றைப் பொருட்படுத்த வேண்டும். இணையத்தில் விற்பனைப் பேச்சும் மற்ற பேச்சும் ஒரே பக்கத்தில் கலந்திருக்கின்றன. வீட்டிலிருந்து ஊறுகாய் விற்பவர்கூட இணையப் பக்கம் வைத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான அழைப்பாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்காக எழுதப்பட்ட பதிவேடு பராமரிப்புக் கடமைகளை அவர்மீதும் சுமத்தினால், மோசடிக்காரர் கவலைப்படமாட்டார், நேர்மையானவர்தான் கடையை மூடுவார். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், உண்மையான வணிகப் பேச்சுக்கும் ஓரளவு காப்பு அளிப்பதால், விரிவான தடைகள் நீதிமன்றத்தில் நிற்காமலும் போகலாம். பொய்யான வணிகப் பேச்சுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆகவே ஏமாற்றையும் பணம் பறிக்கும் முறைகளையும் தடுக்கும் கட்டளைகளை இணையத்துக்கு நீட்டுவதில் முதல் திருத்தம் குறுக்கே நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. மேலே சொன்ன அதே சிவப்புத் திரை. ஆனால் அதில் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக உரையாடல் பெட்டி ஒன்று திறக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் அதே வசனத்தைத் தட்டச்சு செய்கிறார், அதே அவசரத்தை ஊட்டுகிறார், மறுப்புக்கெல்லாம் அதே பதில்களைத் தருகிறார். விண்டோஸ் பெயரைச் சொல்லாமல் தாமே உருவாக்கிய ஒரு நிறுவனப் பெயரைச் சொல்வதால் ஆள்மாறாட்ட விதி வருவதில்லை. ஒரே முறை பணம் வாங்குவதால் சந்தாச் சட்டம் வருவதில்லை. தொலைபேசி எங்குமே இல்லாததால் தொலைபேசி விற்பனை விதியும் வருவதில்லை. எஃப்டிசி கையில் எஞ்சுவது 5ஆவது பிரிவும் அதன் நீண்ட பாதையும்தான். மோடத்தைத் தொலைபேசியாகக் கொள்ளலாம் என்ற 1995இன் வாதம் இன்றைய பிராட்பேண்ட் இணைப்புக்கு நிற்காது. வரையறை நாடாளுமன்றம் எழுதியது என்பதால், ஆணையம் தானாக அதை நீட்டவும் முடியாது. மனிதரோ மென்பொருளோ வாடிக்கையாளரோடு நேரடியாக உரையாடி விற்கும் எந்த வழியும், அது குரலாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் வர வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அழைப்பு நேரமும் அழைக்க வேண்டாம் பதிவேடும் தொலைபேசிக்கு மட்டும் என்று அதே திருத்தத்தில் ஒரு துணை வாக்கியம் சேர்த்தால் போதும்.